ஜாக்சன் பெயர் போட்ட டி-ஷர்ட்

2009 கோடையில் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்டில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். மூவரும் கான்ட்ராக்டில் மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள். ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டிருந்த நேரம். ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உள்ளே போவோம். பொழுதுபோக்குக்கு அதிகம் செலவு செய்யும் நிலைமையும் இல்லை. கூட வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் பரிதாபப்பட்டு எங்களை கொமெரிக்கா பார்க் ஸ்டேடியத்துக்கு பேஸ்பால் பார்க்க அழைத்துப் போனார்.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்து வீசுகிறவர் வீசுகிறார், அடிக்க வேண்டியவர் சும்மா நிற்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. அடிக்காமல் நிற்பதற்கு என்ன கைதட்டல் என்று நினைத்தேன். அன்றைக்கு வெளியே வரும்போது நடைபாதைக் கடையில் ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். முதுகில் ஆட்டக்காரர் பெயர் போட்டிருக்கும். வெர்லாண்டர், போலாங்கோ என்று தொங்கிய பெயர்களில் எனக்கு வாயில் நுழைந்தது ஜாக்சன் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தால் கோவில்பட்டிக்கார ரூம்மேட், “மாப்ள, செத்து ரெண்டு வாரம் கூட ஆகல, அதுக்குள்ள டி-ஷர்ட் போட்டுட்டானா?” என்றான். மைக்கேல் ஜாக்சன் அந்த ஜூன் 25ஆம் தேதிதான் இறந்திருந்தார். இது வேறு ஜாக்சன், எட்வின் ஜாக்சன், பந்து வீசுகிறவர் என்று விளக்கிச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

வாங்கிவிட்டோமே என்பதற்காக அந்த ஆளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அப்போது அவருக்கு 25 வயது. அந்த வருஷம் சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைக்கும் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வாகியிருந்தார். ஜூலை வரை யாரும் அவரைத் தொட முடியவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு கொஞ்சம் சறுக்கினாலும், 13 வெற்றி 9 தோல்வி என்று நல்ல கணக்கோடுதான் முடித்தார் (அங்கே ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பந்து வீச்சாளர் பெயரில் எழுதுவார்கள்). சரி, சட்டைக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை என்று இருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் ரூம்மேட் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: “மாப்ள, உன் ஜாக்சன வித்துட்டானுவ.”

மூன்று அணிகள் சேர்ந்து செய்த பண்டமாற்று அது. எட்வின் ஜாக்சனை டெட்ராய்ட் டைகர்ஸ் அரிசோனாவுக்கு அனுப்பியது. அரிசோனாவிலிருந்து மேக்ஸ் ஷெர்சர் என்ற இளைஞர் டெட்ராய்ட்டுக்கு வந்தார். கர்ட்டிஸ் கிராண்டர்சன் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். யாங்கீஸிலிருந்து டெட்ராய்ட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் பெயர் ஆஸ்டின் ஜாக்சன். ஆக, ஒரு ஜாக்சன் போய் ஒரு ஜாக்சன் வந்தார். என் சட்டையில் பெயர் செல்லும், நம்பர்தான் செல்லாது. அதையே போட்டுக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போனேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது எனக்குத் தெரியாது, நான் சட்டை வாங்கிய மனிதர் பேஸ்பால் வரலாற்றிலேயே அதிக ஊர்ச் சட்டை போட்டவர் ஆகப் போகிறார் என்று. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் 14 அணிகளுக்கு ஆடிய ஒரே ஆள் என்று பல வருஷம் இருந்தார். நமக்குப் பழகிய கணக்கில் சொல்வதென்றால், ஐபிஎல்லில் ஆரோன் ஃபின்ச் 9 அணிகளுக்கு ஆடினார். அதையே நாம் கிண்டலடித்தோம். ஜாக்சன் அதோடு இன்னும் ஐந்து.

பிறந்ததே வெளியூரில்தான். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் 1983 செப்டம்பர் 9 அன்று அப்போதைய மேற்கு ஜெர்மனியின் நோய்-உல்ம் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸில். பள்ளியில் மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். 2001இல் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை ஆறாவது சுற்றில் எடுத்தது. இரண்டே வருஷத்தில், சரியாகத் தன் இருபதாவது பிறந்தநாளில், மேஜர் லீகில் முதல் ஆட்டம். எதிரே அரிசோனாவுக்காக வீசியவர் ராண்டி ஜான்சன். ஆறடி பத்தங்குல உயரம், பேட்ஸ்மேன்களுக்குக் கனவில் வந்து பயமுறுத்தும் இடக்கைக்காரர். அவருக்கு மறுநாள் நாற்பதாவது பிறந்தநாள். இருபது வயதுக்காரர் 4-1 என்று ஜெயித்தார். இவர் பத்துப் பதினைந்து வருஷம் டாட்ஜர்ஸின் தூணாக நிற்பார் என்றுதான் அன்று பார்த்த எவரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். அடுத்த இரண்டு வருஷம் சரியாக வரவில்லை. 2006 ஜனவரியில் டாம்பா பேவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது ஓட்டம்.

இத்தனை ஊர் மாறியவர் என்றதும் நம் மனதில் என்ன தோன்றும்? எங்கேயும் ஒட்டாதவர், யாருக்கும் பிடிக்காதவர், தட்டுத்தடுமாறியவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது கதை தலைகீழாக இருந்தது. அந்த முதல் மாற்றலை விட்டால், இவர் நன்றாக ஆடியபோதெல்லாம் அனுப்பினார்கள். படுமோசமாக ஆடியபோதுதான் ஒரே ஊரில் இருக்க விட்டார்கள்.

2008இல் டாம்பா பேவுக்கு 14 ஆட்டங்களை ஜெயித்தார். அதுவரை பெரும்பாலும் கடைசி இடத்திலேயே உழன்ற அந்த அணி அந்த வருஷம் இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரிஸ் வரை போனது. டிசம்பரில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள். 2009இல் ஆல்-ஸ்டார், டிசம்பரில் அரிசோனாவுக்கு. 2010 ஜூன் 25இல் ஒரு பந்து வீச்சாளர் வாழ்நாளில் ஒருமுறை செய்தாலே பெரிது என்கிற காரியத்தைச் செய்தார். 35ஆம் நாள் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் இருப்பது வெறும் கணக்கு. மேஜர் லீகில் ஒரு ஆட்டக்காரருக்கு முதல் ஆறு வருஷ சர்வீஸ் முடியும் வரை அவர் அந்த அணியின் கையில்தான். முதல் மூன்று வருஷம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம். அதற்குப் பிறகு சம்பளத்தைத் தீர்த்துவைக்கும் நடுவர் முன்னால் போய்க் கூடுதலாகக் கேட்கலாம். நன்றாக ஆடினால் வருஷா வருஷம் எகிறும். ஆறு முடிந்தால் ஆள் சுதந்திரம், பிடித்த இடத்துக்குப் போகலாம், பழைய அணிக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதனால் நடுவில் ஒரு நல்ல வருஷம் வந்தால், அந்தச் சூட்டிலேயே கைமாற்றிவிட்டு, சம்பளம் ஏறாத இரண்டு பையன்களை வாங்கிக்கொள்வதுதான் லாபம். காய் முற்றுவதற்குள் சந்தைக்குப் போய்விட வேண்டும்.

அந்த ஜூன் 25 ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரிசோனா டைமண்ட்பேக்ஸ் சார்பில் ஜாக்சன் வீசுகிறார். இடம் ஃப்ளோரிடாவின் டிராப்பிகானா ஃபீல்டு, எதிரணி அவருடைய பழைய டாம்பா பே. பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். முதல் மூன்று இன்னிங்ஸில் ஏழு பேரை வாக்கில் அனுப்புகிறார். தெரியாதவர்களுக்கு: அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து போட்டால் பேட்ஸ்மேன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நிதானமாக முதல் பேஸுக்கு நடந்து போகலாம். கிரிக்கெட்டில் ஓவருக்கு நான்கு வைடு போடுகிறவரை நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் அங்கேயும் சொல்வார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர்கூட அவுட் ஆகாமல் மூன்று பேரை நடக்க விட்டு மூன்று பேஸையும் நிரப்பினார். அதிலிருந்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வெளியே வந்தார்.

எட்டு வாக். ஒருவரை வேறு பந்தாலேயே அடித்துவிட்டார். ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க ஒரே ஒரு பேட்ஸ்மேன்கூட அவரை ஒழுங்காக அடித்து பேஸுக்குப் போகவில்லை. இதைத்தான் நோ-ஹிட்டர் என்கிறார்கள். ஆடம் லரோஷ் அடித்த ஒரே ஹோம் ரன்னில் ஆட்டம் 1-0. வீசிய பந்துகள் 149. இந்தக் காலத்தில் நூறு பந்தை நெருங்கினாலே பயிற்சியாளர் படியேறி வந்து பந்தைப் பிடுங்கிக்கொள்வார், தோள்பட்டை போய்விடுமே என்று. அன்று மேனேஜர் ஏ. ஜே. ஹின்ச் பிடுங்கவில்லை. ஜாக்சனும் கொடுக்கிற மாதிரி இல்லை.

இவ்வளவு அலங்கோலமான சாதனையை நான் பார்த்ததில்லை. மற்றவர்களின் நோ-ஹிட்டரைப் பார்த்தால் தச்சர் இழைத்த பலகை மாதிரி வழவழவென்று இருக்கும். இது முடிச்சும் சிராயுமாக இருந்தது. எனக்கு இதுதான் பிடித்தது, அது என் ரசனைக் கோளாறாக இருக்கலாம்.

ஒரு வாரத்தில் ஹின்ச் வேலையை இழந்தார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அந்த சீசனில் 97 தோல்வி. ஜூலை 30ஆம் தேதி ஜாக்சன் சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு. அதிலும் ஒரு கூத்து. சிகாகோ இவரை வாங்கியதே வாஷிங்டனுக்குக் கைமாற்றி ஆடம் டன் என்ற ஹோம் ரன் அடிக்காரரைப் பிடிக்கத்தான் என்று அப்போது பத்திரிகைகளில் பலமாக அடிபட்டது. அது படியவில்லை. இவர் சிகாகோவிலேயே தங்க வேண்டியதாயிற்று.

மறு வருஷம் ஜூலை 27. டொரோன்டோ புளூ ஜேஸுக்கு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிலிருந்த கோல்பி ராஸ்மஸ் வேண்டும். செயின்ட் லூயிஸ் கேட்டது நல்ல பந்து வீச்சாளரை. டொரோன்டோவிடம் கொடுக்கிற மாதிரி இல்லை. பெட்டிக்கடையில் சில்லறை இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்கு நோட்டோடு ஓடுவோமே, அது மாதிரி டொரோன்டோ சிகாகோவிடம் போய் ஜாக்சனை வாங்கி, அன்றைக்கே செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டது. புளூ ஜேஸ் ஆட்டக்காரராக அவர் இருந்தது சில மணி நேரம். அந்தச் சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. பட்டியலில் அது கணக்கில் வராது, ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும்.

அன்று அதே மூட்டையில் கட்டி அனுப்பப்பட்ட இன்னொருவர் ஆக்டேவியோ டோட்டெல். டொமினிக்கன் குடியரசுக்காரர். அதிக அணிகளுக்கு ஆடிய சாதனை அடுத்த வருஷம் அவர் கைக்குத்தான் போனது, 13 அணிகள். அவரை முந்தப் போகிற ஆளும் அவரும் ஒரே நாளில் ஒரே ஊருக்குப் பெட்டி கட்டினார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியாது.

பெட்டி கட்டுவது என்றேன். ஒரு ஆட்டக்காரரை மாற்றினால் புது அணியில் போய்ச் சேர 72 மணி நேரம் தருகிறார்கள். அவர் கிளவுஸையும் ஸ்பைக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். வாடகை வீட்டைக் காலி செய்வது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கேஸ் கனெக்‌ஷன், காரை லாரியில் ஏற்றுவது எல்லாம் வீட்டில் இருப்பவர்கள் தலையில். 1982 ஆகஸ்ட் 4 அன்று ஜோயல் யங்பிளட் என்பவர் பகலில் சிகாகோவில் நியூயார்க் மெட்ஸுக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டார். உடனே கிளம்பி, மறந்து வைத்த கிளவுஸை எடுக்கத் திரும்பி ஓடி வந்து, விமானம் பிடித்து, ராத்திரி ஃபிலடெல்ஃபியாவில் புது அணிக்காக அடித்தார். ஒரே நாளில் இரண்டு ஊரில், இரண்டு அணிக்கு. எனக்கு அந்தக் கிளவுஸ்தான் மனதில் நிற்கிறது.

எங்கள் தொழிலில் இதற்கு ‘ரிலீஸ்’ என்று பெயர். 2010 கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என்னை ப்ராஜெக்டிலிருந்து ரிலீஸ் செய்தார்கள். வேலையில் குறை எதுவும் இல்லை, உன்னால் செலவு அதிகம் என்றார் மேனேஜர், நல்ல செய்தி சொல்வது போல. ஆறு வாரம் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்துவிட்டு ஒஹாயோவுக்குப் போனேன். ஜாக்சனுடைய தேதிகளை எழுதிப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது அந்தப் பெஞ்சில்தான். மில்லியன் கணக்கில் வாங்கும் மனிதரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஆறுதல் தேடினேன்.

செயின்ட் லூயிஸில் அவருக்கு சாம்பியன் அணிக்குத் தரும் மோதிரம் கிடைத்தது. 2011 வேர்ல்டு சீரிஸில் நான்காவது ஆட்டத்தை முதல் பந்து வீச்சாளராக அவர்தான் தொடங்கினார், ஏழு வாக் கொடுத்தார், அணி தோற்றது. ஆறாவது ஆட்டம் பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் பேசுவது. கார்டினல்ஸ் இரண்டு முறை தோல்விக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக், அதாவது ஒரே ஒரு நல்ல பந்து, தூரத்தில் நின்று மீண்டது. பத்தாவது இன்னிங்ஸில் மேனேஜர் டோனி லருஸாவிடம் பேட்ஸ்மேன்கள் தீர்ந்துபோனார்கள். பந்து வீச்சாளரான ஜாக்சனை மாற்று பேட்ஸ்மேனாக அறிவித்தார்கள். அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திப்பதற்குள் அவரையும் மாற்றிவிட்டு இன்னொரு பந்து வீச்சாளர் கைல் லோஷை அனுப்பினார்கள். அங்கேயும் கைமாற்றம்தான். அதிகாரபூர்வ ஸ்கோர் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் அவர் எதுவும் செய்யவில்லை.

அதே செயின்ட் லூயிஸில்தான் கர்ட் ஃபிளட் இருந்தார். பன்னிரண்டு வருஷம் அங்கே ஆடியவரை 1969இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். போக மாட்டேன், என்னைக் கேட்காமல் விற்கவும் வாங்கவும் நான் ஒரு பொருளா என்று கடிதம் எழுதி, வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முந்தின வருஷமே முடிந்திருந்தது. ஆனால் அந்தச் சண்டையின் சூட்டில்தான் மறு வருஷம் ஒரு விதி வந்தது: பத்து வருஷ சர்வீஸ், அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால், சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. ஜாக்சனுக்குப் பத்து எளிதில் வந்தது. ஒரே அணியில் ஐந்து வருஷம் என்பது அவருக்குக் கடைசி வரை வாய்க்கவே இல்லை.

ஆறு வருஷம் முடிந்து சுதந்திரம் வந்ததும் 2012இல் வாஷிங்டனில் ஒரு வருஷம். பிறகு சிகாகோ கப்ஸ் நான்கு வருஷத்துக்கு 52 மில்லியன் டாலர் கொடுத்தது. ஒரு காரணம், 2007லிருந்து எந்த வருஷமும் அவர் படுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு சீசனிலும் 31 ஆட்டத்துக்குக் குறையாமல் தொடங்கியிருக்கிறார். பந்து வீச்சாளர்களுக்கு முழங்கை கிழிந்து வருஷக்கணக்கில் போகிற காலத்தில் அது லேசான விஷயம் இல்லை. இன்னொரு காரணம், அந்த வேகம். அதைப் பார்த்த ஒவ்வொரு கோச்சும் ‘என்னிடம் கொடுங்கள், நான் சரிசெய்கிறேன்’ என்று நினைத்திருக்க வேண்டும்.

யாராலும் சரிசெய்ய முடியவில்லை. 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி. 2014இல் 6க்கு 15. இந்தக் காலத்தில்தான் அவர் நிம்மதியாக ஒரே ஊரில் இருந்தார். அந்தச் சம்பளத்தோடு அவரை எடுத்துக்கொள்ள எவரும் கை நீட்டவில்லை. 2015 ஜூலையில் கப்ஸே விடுவித்தது. ஒப்பந்தப் பணம் உத்தரவாதம் என்பதால் 2016 வரை கப்ஸ் அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1908க்குப் பிறகு கப்ஸ் முதல்முறையாக வேர்ல்டு சீரிஸ் ஜெயித்த வருஷம் அது. சம்பளம் சிகாகோவிலிருந்து, ஆட்டம் மயாமியிலும் சான் டியேகோவிலும்.

கப்ஸ் விட்ட பிறகு அட்லான்டா, மயாமி, சான் டியேகோ, பால்டிமோர், மறுபடி வாஷிங்டன் என்று வேகமாகப் போகிறது. இங்கே மாற்றல் கிடையாது. கீழ்மட்ட லீகில் போய் நின்று, யாருக்காவது ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பது. 2018 ஜூன் 25, ஆமாம், மறுபடி அதே தேதி, ஓக்லண்டுக்காக முதல் ஆட்டம். நடந்தது டெட்ராய்ட்டில். 13ஆவது அணி, டோட்டெலின் சாதனைக்குச் சமம். அந்த வருஷம் 34 வயதில் 6-3 என்று அழகாக ஆடினார். பல வருஷங்களில் இல்லாத அழகு.

2019 மே மாதம் ஓக்லண்ட் அவரை ரொக்கத்துக்குக் கொடுத்தது. வாங்கியது டொரோன்டோ. மே 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் புளூ ஜேஸ் சட்டையோடு பந்து வீசும் மேட்டில் ஏறினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் சில மணி நேரம் மட்டும் சொந்தமாக இருந்த அணி. அதுதான் 14 என்ற எண்ணைக் கொடுத்தது. 2025இல் 45 வயது ரிச் ஹில் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு ஆடி அதைச் சமன் செய்தார். முந்த இன்னும் ஆள் வரவில்லை.

மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். இவர் பெயர் பட்ட அந்த மூன்று அணிப் பண்டமாற்றில் கைமாறிய ஷெர்சர் பின்னாளில் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கினார். சிகாகோ இவருக்காக அரிசோனாவுக்குக் கொடுத்த டேனியல் ஹட்சன்தான் 2019 வேர்ல்டு சீரிஸின் கடைசிப் பந்தை வாஷிங்டனுக்காக வீசினார். ஜாக்சனோ 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டு அந்த செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அந்தச் சட்டை பதினைந்தாவது என்று நான் என் கணக்கில் வைத்திருக்கிறேன்.

டொரோன்டோ இரண்டே மாதத்தில் விட்டுவிட்டது. 2019 ஆகஸ்டில் ஆள் கிடைக்காமல் தவித்த ஓர் அணி அவரைக் கூப்பிட்டது. அந்த வருஷம் 114 ஆட்டம் தோற்ற டெட்ராய்ட். செய்தியைப் படித்ததும் எழுந்து போய் அலமாரியைக் குடைந்தேன். ஒஹாயோவிலிருந்து கல்யாணம் முடிந்து மிஷிகனுக்கே திரும்பி வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த டி-ஷர்ட்டில் பெயரும் சரி, ஊரும் சரி.

“ஏங்க, என்ன தேடறீங்க?”

சொன்னேன். மனைவி சமையலறையிலிருந்து ஒரு கரித்துணியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். குக்கர் இறக்கி இறக்கி ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. அந்தப் பக்கம் போக ‘ஜாக்’ வரைக்கும் படிக்க முடிந்தது.